உளவு நாவல்கள் ஏன் நம்மைக் கட்டிப்போடுகின்றன? உளவாளியாகவே இருந்து எழுதிய சாமர்செட் மாமின் கதை

உளவாளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?

வேகமா ஓடும் கார், மடிப்புக் கலையாத கோட், கையில் துப்பாக்கி, கடைசி நொடியில் செயலிழக்கும் வெடிகுண்டு. பலருக்கு உடனே ஜேம்ஸ் பாண்ட் முகம்தான் வரும்.

ஆனால் பழைய உளவு நாவல்களைத் தேடித் தேடிப் படிப்பவர்களைக் கேட்டுப் பாருங்க. அவங்க மனசில் நிற்கும் காட்சி வேற. ஒரு ஹோட்டல் அறை. வெளியே மழை. வர வேண்டிய கடிதம் வரலை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு யாரை நம்புவது என்று தெரியாது. தான் செய்யும் வேலை சரியா தப்பா என்பதும் தெரியாது.

அப்படிப்பட்ட உளவாளியை ஆங்கிலக் கதைக்குள் உறுதியாக உட்கார வைத்தவர் வில்லியம் சாமர்செட் மாம்.

நம்ம வட்டாரத்துக்கு அவர் புதியவர் இல்லை. சிங்கப்பூரின் ரேஃபிள்ஸ் ஹோட்டலில் தங்கியவர். கோலாலம்பூரில் நடந்த கொலை வழக்கு ஒன்றை உலகப் புகழ்பெற்ற கதையாக்கியவர். சரவாக் ஆறு ஒன்றில் உயிர் போகும் நிலைக்குப் போய்த் திரும்பியவர்.

ஆனால் அவர் நிஜமாகவே பிரிட்டிஷ் உளவாளியாக வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த மாம்?

1874ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அதுவும் அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே. தந்தை தூதரகத்தின் சட்ட வேலைகளைக் கவனித்துவந்த வழக்கறிஞர். சிறுவன் மாம் முதலில் பேசிய மொழி பிரெஞ்சு.

8 வயதில் தாயை இழந்தார். காசநோய். அவரது படத்தை மாம் கடைசிக் காலம் வரை படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தந்தையும் போய்விட்டார்.

10 வயதுப் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊரில் பாதிரியாராக இருந்த சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். பாசம் குறைவான வீடு. பள்ளியில் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுக் கேலி செய்தார்கள். அப்போது பிடித்துக்கொண்ட திக்குவாய் கடைசி வரை விடவில்லை.

பேச முடியாத பையன் என்ன செய்வான்? மற்றவங்க பேசுவதைக் கேட்பான். அவங்க முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். மாம் அதைத்தான் செய்தார். பின்னாளில் எழுத்தாளராகவும் உளவாளியாகவும் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

லண்டனில் மருத்துவம் படித்தார். 1897இல் தேர்ச்சி பெற்ற அதே ஆண்டில் முதல் நாவல் 'லைசா ஆஃப் லாம்பெத்' வந்தது. சில வாரங்களிலேயே முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. மருத்துவத்துக்கு அன்றே கும்பிடு போட்டார்.

அடுத்த பத்தாண்டு சுமாராகத்தான் போனது. பிறகு நாடகம் கைகொடுத்தது. 1908இல் லண்டனில் ஒரே நேரத்தில் அவருடைய நான்கு நாடகங்கள் ஓடின. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

பணம் இருந்தது, புகழ் இருந்தது. கூடவே ஒரு ரகசியமும் இருந்தது. மாமுக்கு ஆண்களிடமும் ஈர்ப்பு உண்டு. அன்றைய பிரிட்டனில் அது குற்றம். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அதற்காகவே 1895இல் சிறைக்குப் போனார். மாணவராக இருந்த மாம் அதைப் பார்த்தவர். ஒரு முகத்தை வெளியே காட்டி இன்னொன்றை மறைத்து வாழும் வித்தையை உளவுத்துறை அவருக்குச் சொல்லித்தரவில்லை. அதற்கு முன்னாலேயே அவர் அதைக் கற்றிருந்தார்.

எப்படி உளவாளி ஆனார்?

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. மாமுக்கு 40 வயது. படையில் சேரும் வயது தாண்டிவிட்டது. மருத்துவம் படித்தவர் என்பதால் பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் ஜெரால்ட் ஹாக்ஸ்டன் என்ற அமெரிக்க இளைஞரைச் சந்தித்தார். அடுத்த 30 ஆண்டு மாமின் பயணங்களில் எல்லாம் கூடவே இருந்தவர் அவர்.

1915இல் உளவுத்துறை அதிகாரி ஜான் வாலிங்கர் மாமைத் தேர்ந்தெடுத்தார். வாலிங்கரின் பின்னணியைக் கொஞ்சம் கவனிக்கணும். அவர் இந்தியப் போலீசில் இருந்து வந்தவர். போருக்கு முன்னாலேயே ஐரோப்பாவில் இருந்த இந்திய விடுதலைப் போராளிகளைக் கண்காணிப்பதுதான் அவருடைய வேலை.

ஏன் அவ்வளவு அக்கறை? அன்றைக்குப் பிரிட்டனுக்கு இருந்த பெரிய பயங்களில் ஒன்று இந்தியா. பெர்லினில் இந்தியப் போராளிகள் ஜெர்மனியின் உதவியோடு ஒரு குழு அமைத்திருந்தார்கள். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையும் அதில் இருந்தவர். அதற்கு முன் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இருந்தபடி இந்திய விடுதலைக்காக வேலை செய்தார்.

சிங்கப்பூரிலும் அதே 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அது அடக்கப்பட்ட பிறகு 47 பேர் அவுட்ரம் சிறைக்கு வெளியே, மக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் எந்த அளவு பதறிப்போயிருந்தது என்பது இதிலிருந்தே புரியும்.

அந்த நேரத்தில் மாம் அனுப்பப்பட்ட நாடு சுவிட்சர்லாந்து. போரில் எந்தப் பக்கமும் சேராத நாடு. அதனால் எல்லாப் பக்கத்து உளவாளிகளும் அங்கேதான் இருந்தார்கள்.

வேலை எப்படி இருந்தது?

உண்மையைச் சொன்னால் ரொம்பவே சலிப்பான வேலை.

மாமுக்கு நல்ல வேஷம் ஒன்று கையோடு இருந்தது. அவர் நாடக ஆசிரியர். அமைதியான ஊரில் உட்கார்ந்து நாடகம் எழுத வந்திருக்கிறார் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நிஜமாகவே எழுதவும் செய்தார்.

ஜெனீவாவில் தங்கினார். பிரெஞ்சும் ஜெர்மனும் சரளமாகப் பேசுவார். கீழே வேலை செய்யும் ஆட்களிடம் தகவல் வாங்குவது, அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி அனுப்புவது. படகேறி ஏரியைக் கடந்து பிரான்ஸ் கரைக்குப் போய்வருவதும் உண்டு. மாட்டிக்கொண்டால் சுவிஸ் சிறைதான்.

அனுப்பிய அறிக்கையை யார் படித்தார்கள், அதனால் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பெரிய இயந்திரத்தில் சின்னத் திருகாணி மாதிரி இருந்தார். முழு இயந்திரத்தையும் அவர் பார்த்ததில்லை.

ரஷ்யாவில் என்ன நடந்தது?

1917இல் வந்த வேலை இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

ரஷ்யாவில் ஜார் ஆட்சி கவிழ்ந்திருந்தது. கெரன்ஸ்கி தலைமையிலான இடைக்கால அரசு தள்ளாடிக்கொண்டிருந்தது. ரஷ்யா போரைவிட்டு விலகினால் ஜெர்மனி தன் படையை முழுக்க மேற்குப் பக்கம் திருப்பிவிடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வராமலும் தடுக்க வேண்டும். இதுதான் மாமிடம் கொடுத்த வேலை.

திக்குவாயுள்ள, நுரையீரல் பாதிக்கப்பட்ட ஒரு நாடக ஆசிரியரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பா? கேட்கவே வியப்பா இருக்கு இல்லையா?

அமெரிக்காவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து ஜப்பான் வழியாக விளாடிவோஸ்டாக் போனார். அங்கிருந்து நெடுந்தூர சைபீரிய ரயில். பெட்ரோகிராடில் கெரன்ஸ்கியைச் சந்தித்தார். அவர் அனுப்பிய ரகசியத் தந்திகளில் அவருக்கு வைத்த பெயர் சாமர்வில்.

அக்டோபர் கடைசியில் கெரன்ஸ்கி அவரைக் கூப்பிட்டு, பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜிடம் அவசரமாகச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றைத் தந்தார். ஆயுதம் வேண்டும், ஆதரவு வேண்டும் என்பது அதன் சாரம். மாம் அன்றே கிளம்பினார். லண்டன் போய்ச் சேர்ந்தார். முக்கியமான நேரத்தில் வாய் திக்கிவிடுமோ என்ற பயத்தில் செய்தியைத் தாளில் எழுதியே கொண்டுபோனார். பிரதமர் படித்துவிட்டு முடியாது என்றார்.

நவம்பர் 7ஆம் தேதி போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மாமின் வேலை அத்தோடு முடிந்தது. ஆறு மாதம் முன்னால் அனுப்பியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் பின்னாளில் நினைத்ததுண்டு. அது நடந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

காசநோய் முற்றிப்போய் ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவ விடுதியில் பல மாதம் படுத்திருந்தார்.

'ஆஷெண்டன்' எதை மாற்றியது?

இந்த அனுபவத்தை வைத்து மாம் எழுதிய கதைகள் 1928இல் 'ஆஷெண்டன்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. கதாநாயகன் ஆஷெண்டனும் ஓர் எழுத்தாளர்தான். போர் நேரத்தில் உளவு வேலைக்கு எடுக்கப்படுகிறவர்.

அதற்கு முன்னால் உளவுக் கதைகள் இல்லையா? இருந்தன. எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இலும் ஜான் பக்கன் 1915இலும் எழுதிய கதைகள் சக்கைபோடு போட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் நல்லவன் நம்ம பக்கம், கெட்டவன் எதிரி பக்கம். நாயகன் ஓடுவான், ஒளிவான், கடைசியில் நாட்டைக் காப்பாற்றுவான்.

மாம் இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டார்.

ஆஷெண்டனின் மேலதிகாரிக்குப் பெயரே கிடையாது. 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துதான். நிஜத்திலும் பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறையின் முதல் தலைவர் மேன்ஸ்ஃபீல்ட் கம்மிங், பச்சை மையில் 'சி' என்றுதான் கையெழுத்துப் போடுவார். பின்னால் வந்த ஜேம்ஸ் பாண்டின் மேலதிகாரி 'எம்' இந்த வரிசையில் வந்தவர்தான்.

அந்த 'ஆர்' முதல் நாளிலேயே ஆஷெண்டனிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: வேலையை நல்லா முடித்தால் நன்றி கிடைக்காது, மாட்டிக்கொண்டால் உதவி கிடைக்காது.

தமிழ் வாசகருக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கலாம். திருக்குறளில் 'ஒற்றாடல்' என்றே தனி அதிகாரம் இருக்கு. 59ஆவது அதிகாரம். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியே விட்ட மாதிரி ஆகிவிடும் என்கிறார் வள்ளுவர். ஒற்றர் ஒருவரை மற்றவர் அறியாதபடி வைத்திருக்க வேண்டும், மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம் என்றும் சொல்கிறார். அரசனுக்கு இது அருமையான யோசனை. ஆனால் அந்த ஒற்றனின் மனநிலை எப்படி இருக்கும்? மாம் எழுதியது அந்தப் பக்கத்தை.

கதைகளில் அப்படி என்ன இருக்கு?

ஒரு கதையில், முக்கிய ஆவணங்களோடு வரும் கிரேக்கர் ஒருவரைத் தீர்த்துக்கட்ட, தலையில் ஒரு முடிகூட இல்லாத மெக்சிகோக்காரர் ஒருவரை அனுப்புகிறார்கள். ஆள் பயங்கரக் கெட்டிக்காரர். பேசிப் பேசியே வாசகரைச் சிரிக்க வைப்பார். வேலையை முடித்துவிட்டு வருகிறார். ஆனால் ஆவணம் கிடைக்கலை. அப்போது ஒரு ரகசியத் தந்தி வருகிறது. அந்தக் கிரேக்கர் உடம்பு சரியில்லாமல் கப்பலே ஏறவில்லையாம்.

அப்படின்னா செத்தது யார்? சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர். கதை அங்கேயே முடிகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு கதையில், ஜெர்மனிக்கு உளவு பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவரை ஆஷெண்டன் தந்திரமாக இங்கிலாந்துக்குப் போகவைக்கிறார். போனால் மரணம்தான். ஆனால் அந்த மனிதர் மனைவிமேல் உயிரையே வைத்திருப்பவர், பூக்களை நேசிப்பவர், ஒரு நாயை வளர்ப்பவர். அவர் போன பிறகு மனைவி கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். கடிதம் வராது என்பது ஆஷெண்டனுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். கடைசியில் அந்த நாய் ஊளையிடும்போதுதான் மனைவிக்குப் புரிகிறது.

துரோகியைப் பிடித்தாச்சு. நியாயப்படி நாம் சந்தோஷப்படணும். ஆனால் முடியாது.

நல்ல உளவு நாவலின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது. துப்பறியும் கதையில் யார் குற்றவாளி என்று தெரிந்ததும் மனசு அடங்கிவிடும். சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தால் நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். உளவுக் கதையில் முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கும். நாட்டுக்காகச் செய்தது சரி, ஒரு மனிதனுக்குச் செய்தது தப்பு. இரண்டும் ஒரே செயல். எந்தப் பக்கம் நிற்பது?

வேட்டையாடப்பட்ட இந்தியர் யார்?

நமக்கு ரொம்ப நெருக்கமான கதை 'ஜூலியா லசாரி'.

சந்திர லால் என்ற இந்தியப் புரட்சியாளரைப் பிடிக்கணும். அவர் எந்தச் சட்டமும் எட்டாத இடத்தில் பாதுகாப்பாக இருக்கிறார். ஆனால் ஜூலியா என்ற நடனக்காரிமேல் அவருக்குக் காதல். ஆஷெண்டன் ஜூலியாவை மிரட்டி, கடிதம் மேல் கடிதம் எழுதவைத்து, அவரைச் சுவிஸ் கரையிலிருந்து பிரான்ஸ் கரைக்கு வரவழைக்கிறார். வந்ததும் பிடிபடுகிறார். கையில் அகப்படுவதற்குள் நஞ்சைக் குடித்து உயிரை விடுகிறார்.

பிறகு ஜூலியா வந்து ஒன்று கேட்கிறாள். அவருக்குத் தான் பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரம் திரும்பக் கிடைக்குமா என்று. அதன் விலை 12 பவுண்டாம்.

இந்தச் சந்திர லாலுக்குப் பின்னால் நிஜ மனிதர் ஒருவர் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா. கவிஞர் சரோஜினி நாயுடுவின் சகோதரர். பெர்லின் குழுவின் தலைவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் உளவுத்துறை சுவிட்சர்லாந்தில் அவரைச் சிக்கவைக்க முயன்றது உண்மை. கதையில் வருகிற மாதிரி அவர் அங்கே சாகவில்லை. தப்பித்தார். பிறகு சோவியத் யூனியனில் குடியேறினார். 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் அங்கேயே கொல்லப்பட்டார்.

இந்தக் கதையைப் படிக்கும் ஆங்கில வாசகருக்குச் சந்திர லால் எதிரி. நமக்கு? நம் தாத்தா பாட்டி காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் எத்தனையோ வீடுகளில் அப்படிப்பட்டவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. ஆனாலும் கதை ஆஷெண்டனின் தோளில் நம்மை உட்காரவைத்து, பொறியைப் பின்னும் வேலையில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறது. படகு வருமா வராதா என்று நாமும் பதற்றத்தோடு பார்க்கிறோம். வந்ததும் நெஞ்சு அடைக்கிறது.

மாமுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. இவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாக எதிர்த்து நிற்பவர்மேல் ஆஷெண்டனுக்கு மரியாதை உண்டு. மேலதிகாரி 'ஆர்' அதைக் கேட்டு எரிச்சலடைகிறார். ஆனாலும் ஆஷெண்டன் வேலையை நிறுத்தவில்லை. மரியாதை வேறு, கடமை வேறு என்று போய்விடுகிறார். அந்தக் கதையில் நம்மை அதிகம் உறுத்துவது அதுதான்.

மலாயாவிலும் உளவு பார்த்தாரா?

அரசாங்கத்துக்காக இல்லை. தன் கதைகளுக்காக.

1921இல் மாமும் ஹாக்ஸ்டனும் சிங்கப்பூருக்கு வந்தார்கள். ரேஃபிள்ஸ் ஹோட்டல் அந்தத் தொடர்பை இன்றும் பெருமையாகச் சொல்கிறது. அவர் பெயரில் ஓர் அறைத்தொகுதியும் வைத்திருக்கிறது. மலாயாவிலும் போர்னியோவிலும் சுற்றினார்கள். சரவாக்கில் ஆற்றுப் பயணத்தின்போது கடலிலிருந்து எதிர்த்து ஏறிவரும் பெரிய அலை படகைக் கவிழ்த்தது. மலாயில் அந்த அலைக்குப் 'பெனாக்' என்று பெயர். மயிரிழையில் உயிர் பிழைத்தார்கள். கரை ஏறியதும் மாம் அதையும் கதையாக்கினார்.

தோட்டத் துரைமார்களின் வீடுகளிலும் கிளப்களிலும் விருந்தினராகத் தங்கினார். ராத்திரி மது உள்ளே போனதும் வெள்ளைக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஹாக்ஸ்டன் எல்லாரோடும் கலகலவென்று பழகிக் கதை பிடித்துவருவார். மாம் ஓரமாக உட்கார்ந்து கேட்பார்.

1911இல் கோலாலம்பூரில் ஈதெல் பிரவுட்லாக் என்ற பெண் ஓர் ஆடவரைச் சுட்டுக் கொன்றார். விக்டோரியா கல்விக்கழகத்தின் தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி அவர். மரண தண்டனை கிடைத்தது. பிறகு சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். இதை வைத்து மாம் எழுதியதுதான் 'தி லெட்டர்'. 1926இல் வந்த 'தி கேஷுவரினா ட்ரீ' தொகுப்பில் அது இருக்கிறது. நாடகமாகவும் 1940இல் பெட்டி டேவிஸ் நடித்த படமாகவும் வந்தது.

சோறு போட்டு இடம் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். நம்பிச் சொன்னதை எல்லாம் அச்சில் போட்டுவிட்டாரே என்பது அவர்கள் குறை. யோசித்துப் பார்த்தால், ஜெனீவாவில் செய்த அதே வேலையைத்தான் அவர் இங்கேயும் செய்தார்.

இன்னொரு குறையும் உண்டு. அது நம்முடையது. அந்தக் கதைகளில் துரைமாரின் மனப்புழுக்கம் நுணுக்கமாக வரும். அதே தோட்டங்களில் விடிவதற்கு முன் எழுந்து ரப்பர் மரம் சீவிய தமிழர்களுக்கு முகமே கிடையாது. எல்லாரையும் கூர்ந்து பார்த்த கண் அவர்களைப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு மாம் போனது பிறகுதான். 1938இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைச் சந்தித்தார். ஆசிரமத்தில் மயங்கி விழுந்தபோது மகரிஷியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1944இல் வந்த 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் குருவை வடிக்க அந்தச் சந்திப்பு உதவியது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் யார்?

1936இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'ஆஷெண்டன்' கதைகளை வைத்து 'சீக்ரெட் ஏஜென்ட்' படம் எடுத்தார். எரிக் ஆம்ப்ளர், கிரஹாம் கிரீன், ஜான் லெ காரே ஆகியோர் மாம் போட்ட பாதையில் நடந்தார்கள். கிரீனும் லெ காரேயும் உளவுத்துறையில் வேலை பார்த்தவர்கள். 1963இல் வந்த லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவலைப் படித்தால், ஆஷெண்டனின் சோர்வும் குற்ற உணர்வும் அதில் இன்னும் கனத்து வருவது தெரியும்.

ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயன் ஃபிளெமிங்கும் மாமின் ரசிகர்தான். 'குவாண்டம் ஆஃப் சொலஸ்' என்ற சிறுகதையை மாமின் பாணியிலேயே எழுதினார். அதில் துப்பாக்கி வெடிக்காது. விருந்து முடிந்த பிறகு ஒருவர் ஒரு கணவன் மனைவி கதையைச் சொல்ல, பாண்ட் உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான்.

கடைசிக் காலம் எப்படிப் போனது?

பணத்துக்குக் குறைவில்லை. தென் பிரான்சின் கடலோரத்தில் பெரிய மாளிகை. 1940இல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்தபோது, நிலக்கரிக் கப்பலில் நூற்றுக்கணக்கான அகதிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு தப்பினார். போர்க்காலத்தின் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்துவிட்டுத் திரும்பினார். 1944இல் ஹாக்ஸ்டன் இறந்தது பெரிய அடி.

குடும்ப வாழ்க்கை கசப்பாகவே முடிந்தது. 1917இல் சிரி என்பவரை மணந்து 1929இல் பிரிந்தார். சிரி இறந்த பிறகு, 1962இல் அவரைப் பற்றி மோசமாக எழுதினார். நெருங்கிய நண்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஒரே மகளோடு சொத்துத் தகராறு நீதிமன்றம் வரை போனது.

உளவாளியின் பழக்கம் மட்டும் மாறவில்லை. தன்னிடம் இருந்த கடிதங்களைத் தீயிலிட்டார். நண்பர்களிடம் இருந்ததையும் எரிக்கச் சொன்னார். ஆஷெண்டன் கதைகளில் 14ஐ அரசாங்க ரகசியச் சட்டத்துக்குப் பயந்து முன்பே எரித்துவிட்டதாகவும் சொல்லப்படுவதுண்டு.

1965ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி நீஸ் நகரில் காலமானார். வயது 91. அவர் வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்த ஈர்ப்பை இங்கிலாந்துச் சட்டம் குற்றப் பட்டியலிலிருந்து ஓரளவு விலக்கியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். அவருடைய அஸ்தி, சிறுவயதில் அவரைக் கேலி செய்த அதே கேன்டர்பரி பள்ளி வளாகத்தில் தூவப்பட்டது.

அப்போ, நாம் ஏன் இன்னும் படிக்கணும்?

மாம் எழுதிய உளவு உலகம் மறைந்து போச்சு. ரகசியத் தந்தியும் கிடையாது, ஏரியைக் கடக்கும் படகும் கிடையாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி பழசாகலை. மேலே இருப்பவர் சொன்னார், நான் செய்தேன் என்று ஒருவர் சொன்னால் பொறுப்பு யாருக்கு? உளவாளியாகத்தான் இருக்கணும்னு இல்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மில் பலரும் சின்ன அளவிலாவது இதைச் சந்தித்திருப்போம்.

'ஆஷெண்டன்' கிடைத்தால், முடியில்லாத மெக்சிகோக்காரர் கதையில் ஆரம்பிங்க. சிரிப்பா இருக்கும். பிறகு 'ஜூலியா லசாரி' படிங்க. படகு கரைக்கு வரும் அந்த நிமிஷத்தில், வரட்டும்னு நினைக்கிறீங்களா, வரக்கூடாதுன்னு நினைக்கிறீங்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்க.